ஆரல்வாய்மொழியின் திறவுகோல்: மக்கள் சீற்றமும் படைத் தலையீடும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைக் காண்பர். அவ்விடத்தில் ஒருகாலத்தில் மதிலும் பீரங்கி மேடைகளும் இருந்தன என்பதை நினைப்போர் மிகச் சிலரே. திருவிதாங்கூர் அரசின் தென்கிழக்கு வாயில் அதுவே. 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அவ்வரணைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. மார்ச் மாத இறுதிக்குள் தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் மண்ணடியில் உயிர்துறந்தார்.

இதனை விடுதலைப் போரின் ஒரு தோல்வியாக வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அவ்வாறு எழுதுவதில் பிழையில்லை. ஆயினும் அவ்வாயிலுக்குரிய திறவுகோல் 1804-1805ஆம் ஆண்டுகளிலேயே அந்நியர் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதும், கொடுத்தவர் வேலுத்தம்பியே என்பதும் அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. மக்களின் பெயரால் எழுந்த ஒருவர், தம் படையாலேயே எதிர்க்கப்பட்டு, மற்றொரு படையை அழைத்து, அழைத்த படையாலேயே அழிந்த வரலாறு அது. எகிப்திலும் பாகிஸ்தானிலும் துருக்கியிலும் நடந்தவற்றைப் பற்றி நம் சமுதாயத்தில் எவ்வளவோ பேசப்படுகிறது. அவற்றைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு நிகழ்ச்சி நம் நாஞ்சில் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே கூறிவிட வேண்டும். அன்றைய திருவிதாங்கூர் முடியாட்சி நாடு. அங்கே தேர்தலும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. எனவே அதை இன்றைய மக்களாட்சி நாடுகளோடு ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்ப்பது தவறு. மக்கள் சீற்றம், அதன்மீது ஏறி வரும் தலைவர், அவர் நம்பி நிற்கும் ஆயுதம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவை மட்டுமே இங்கு ஆராய்கிறோம். இதே மண் மக்களாட்சியைக் கண்ட பின்னர் நேர்ந்ததைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

வேலுத்தம்பிக்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக, நாஞ்சில் நாடு பன்னிரண்டு பிடாகைகளாகப் பிரிந்திருந்தது. பிடாகைகளின் நாட்டார்கள் கூடிப் பொதுக் காரியங்களை முடிவு செய்தனர். அழகியபாண்டிபுரம் முதலியார் குடும்பத்தின் ஓலைகள் இதற்குச் சான்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அவ்வோலைகளை ஆராய்ந்து உலகறியச் செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசின் ஆட்களும் வடக்கிருந்து வந்த படைகளும் மாறிமாறி வரி தண்டி வருத்தியபோது, நாட்டார்கள் கூடி முறையற்ற வரியைச் செலுத்துவதில்லை என முடிவெடுத்தனர்.

இந்த நாட்டார் கூட்டங்களை மக்களாட்சியின் பொற்காலமாகச் சித்திரிக்க நாம் முற்படவில்லை. கூடியவர்கள் நிலமுடையோர். அதே ஓலைக் கட்டுகளில் அடிமைகளை விற்ற ஆவணங்களும் இருக்கின்றன. எனினும் அரசனுக்கும் குடிக்கும் நடுவில் பேசுவதற்கு ஓரிடம் இருந்தது. குறையைச் சொல்லவும், பேரம் பேசவும், தேவையெனில் ஒத்துழைக்க மறுக்கவும் பழகிய ஓர் அமைப்பு அது.

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா இந்த நடுவிடங்களைத் துடைத்தெறிந்தார். எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கினார். ஊராரின் உரிமைகளைச் சுருக்கினார். அதிகாரம் முழுவதையும் அரண்மனையில் குவித்தார். 1741 ஆகஸ்டு 10இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றபின், சிறைப்பட்ட டிலெனாயைக் கொண்டே ஐரோப்பிய முறையில் நிலைப்படையையும் அமைத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் டிலெனாயின் கல்லறை இருக்கிறது. குளச்சல் வெற்றியை நாம் பெருமையோடு நினைப்பது இயல்பே. ஆனால் அவ்வெற்றிக்குப் பின் திருவிதாங்கூரில் அரசனும் படையும் மட்டுமே வலுவுற்று நின்றன; நடுவில் நின்று பேசுவோர் இல்லாமற் போயினர்.

‘தளவாய்’ என்ற சொல்லையே நோக்குக. தளம் என்பது படை. படைத்தலைவரைக் குறித்த பெயர் முதலமைச்சரின் பெயராக ஆகிவிட்டிருந்தது. குடியியல் ஆட்சியும் படையாட்சியும் ஒரே இருக்கையில் அமர்ந்திருந்ததற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டுவதில்லை.

1798இல் தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மா மறைந்தார். பதினாறு வயதினரான பாலராம வர்மா அரியணை ஏறினார். மறு ஆண்டே திறமை மிக்க திவான் இராஜா கேசவதாசும் இறந்தார். திப்பு சுல்தானுடன் நடந்த போரின் செலவாலும், 1795 உடன்படிக்கையின்படி கம்பெனிக்குக் கட்ட வேண்டிய படைச் செலவாலும் கருவூலம் வறண்டு கிடந்தது. இளம் அரசனைச் சூழ்ந்து கொண்ட மூவர் ஆட்சியைக் கைப்பற்றினர்: ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன். வசதி படைத்தோரின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருவரும் இத்தனை பணம் கட்ட வேண்டும் என்று அவர்கள் கட்டளையிட்டனர். மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர்.

பட்டியலில் வேலுத்தம்பியின் பெயரும் இருந்தது. காரியக்காரராக அரசுப் பணி பார்த்த அவர், பணத்தைத் திரட்டி வரத் தவணை பெற்றுத் திரும்பினார்; பணத்திற்குப் பதிலாக ஆட்களைத் திரட்டினார். நாஞ்சில் நாட்டிலிருந்து புறப்பட்ட கூட்டம் 1799இல் திருவனந்தபுரத்தை முற்றுகையிட்டது. வடபகுதியிலிருந்து சிறையின்கீழ் ஐயப்பன் செண்பகராமன் பிள்ளை தலைமையிலான கூட்டமும் சேர்ந்துகொண்டது. மூவரையும் நீக்க வேண்டும், நம்பூதிரியை நாடு கடத்த வேண்டும், மற்ற இருவரையும் பொதுவிடத்தில் தண்டிக்க வேண்டும் என்று கோரினர். அரசன் இசைந்தான். செட்டிக்கும் தரகனுக்கும் சவுக்கடி கிடைத்தது. அவர்களின் காதுகள் அறுக்கப்பட்டன.

இந்தச் சீற்றத்தில் நியாயம் இல்லை என்று எவரும் கூற முடியாது. கொள்ளையிட்டவர்கள் தண்டிக்கப்பட்டனர், மக்கள் மகிழ்ந்தனர். ஆயினும் அந்த வெற்றிக்குப் பின் எஞ்சியது என்ன? நாட்டார் கூட்டம் மீண்டும் கூடவில்லை. வரி விதிப்பதற்கு இன்னாரைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற விதி பிறக்கவில்லை. கூட்டம் கலைந்து வயலுக்குத் திரும்பியது. தலைவர்கள் அரண்மனைக்குள் சென்றனர். முதலில் ஐயப்பன் செண்பகராமனும், அவர் மறைந்த சிறிது காலத்திற்குப்பின் வேலுத்தம்பியும் உயர்பதவி பெற்றனர்.

வேலுத்தம்பியின் நிர்வாகம் ஊழலைக் கடுமையாக ஒடுக்கியது. அவரே நாடு முழுவதும் சுற்றினார். ஆங்காங்கே மரத்தடியில் அமர்ந்து வழக்குக் கேட்டு அப்போதே தீர்ப்பும் தண்டனையும் வழங்கினார். சவுக்கடி, உறுப்பு அறுத்தல், மரத்தில் ஆணி அடித்தல் முதலியன அன்றாடத் தண்டனைகளாயின. ஆலப்புழைத் துறைமுகத்தின் வாணிகம் வளர்ந்தது. அரசின் கணக்குகள் சீரடைந்தன. மரத்தடித் தீர்ப்பை மேன்முறையீடு செய்ய இடமில்லை. தளவாய் நேர்மையானவராக இருந்தவரை அது நீதி. அவர் தவறினால் அதைத் தடுக்க எந்த வழியும் இல்லை.

நம்மவரிடையே இத்தகைய ஆட்சியின்மீது ஒரு மோகம் உண்டு. ஊழல் பெருகும்போதெல்லாம் ‘உமரைப் போல் ஒருவர் வரமாட்டாரா’ என்று மேடைகளில் கேட்பதை நாம் அறிவோம். கையில் சாட்டையுடன் இரவில் நகர்வலம் வந்த உமர் (ரலி) அவர்களின் தோற்றம் மட்டும் நம் மனத்தில் தங்கியிருக்கிறது. ஆளுநர்களின் சொத்துக் கணக்கைக் கேட்டு வாங்கிய, பொதுமக்களின் கேள்விக்குப் பள்ளிவாசலிலேயே விடை கூறக் கடமைப்பட்டிருந்த, தமக்குப்பின் தம் மகனை நியமிக்க மறுத்து அறுவர் கொண்ட ஆலோசனைக் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்த உமர் (ரலி) அவர்களை நாம் அந்த அளவு நினைப்பதில்லை. சாட்டை எந்தச் சர்வாதிகாரியிடமும் இருக்கும். அறுவர் குழுவை அமைத்துவிட்டுச் செல்வோர் அரியர். திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூரா’ என்றே பெயர் பெற்றிருக்கிறது என்பதை நாம் ஓதுகிறோம். ஆனால் நம் ஜமாஅத் நிர்வாகங்களிலேனும் அதன் பொருளை எத்துணை தூரம் கடைப்பிடிக்கிறோம் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

1804இல் திருவிதாங்கூரின் கதை திரும்புகிறது. கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகை நெருக்கியது. செலவைக் குறைக்க வேலுத்தம்பி நாயர் படையினரின் படிகளைக் குறைக்க முனைந்தார். ஆலப்புழையில் படையினர் கிளர்ந்தெழுந்தனர். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் தலைநகரை நோக்கி நடந்தனர். அவர்களது கோரிக்கை ஐந்தாண்டுகளுக்கு முன் வேலுத்தம்பி எழுப்பிய கோரிக்கையை ஒத்திருந்தது: தளவாயை நீக்குக, தண்டிக்குக. கூட்டத்தைத் திரட்டிச் சென்று அரசனைப் பணியவைக்கலாம் என்ற பாடத்தை 1799இல் கற்பித்தவர் அவரே. மாணவர்கள் நன்கு கற்றிருந்தனர். கையில் ஆயுதமும் வைத்திருந்தனர்.

வேலுத்தம்பி கொச்சிக்கு விரைந்து கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயிடம் உதவி கோரினார். (இந்தியக் கல்வி பற்றிய குறிப்பால் நாமெல்லாம் அறிந்த மெக்காலேயின் பெரிய தந்தையே இவர்.) கம்பெனிப் படையின் துணையுடன் கிளர்ச்சி அடக்கப்பட்டது. தலைவர்கள் கொல்லப்பட்டனர். கிருஷ்ண பிள்ளை என்பவரின் கால்களை இரு யானைகளில் பிணைத்து எதிரெதிராக ஓட்டினர் என்று வரலாற்றில் பதிவாகியுள்ளது.

கம்பெனி இவ்வுதவிக்கு விலை கேட்டது. 1805 ஜனவரியில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாயர் படை பெரிதும் கலைக்கப்பட்டது. கம்பெனியின் மற்றுமொரு படையணி திருவிதாங்கூரின் செலவில் நிலைபெற்றது. ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை எட்டு லட்சம் ரூபாயாக உயர்ந்தது. செலுத்தத் தவறினால் நிர்வாகத்தையே கம்பெனி ஏற்றுக்கொள்ளலாம் என்றும், உள்நாட்டு நிர்வாகத்தில் கம்பெனியின் அறிவுரைக்கு அரசன் செவிசாய்க்க வேண்டும் என்றும் விதிகள் அமைந்தன. படியைக் குறைத்து மிச்சம் பிடிக்கச் சென்ற அரசு, படையையும் இழந்து பணத்தையும் கூடுதலாகக் கட்டுவதற்கு ஒப்புக்கொண்டது.

இந்நிகழ்வின் அமைப்பை முஸ்லிம் உலகின் அண்மைக்கால வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. பாகிஸ்தானில் 1958 அக்டோபர் 7ஆம் நாள் குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சா அரசியல் சட்டத்தை நீக்கி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். தளபதி அயூப் கானை அதன் நிர்வாகியாக்கினார். இருபதே நாட்களில் அயூப் கான் அவரைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்தினார். சுல்ஃபிகார் அலி பூட்டோ மக்களின் பெயரால் வந்தவர். உணவு, உடை, உறைவிடம் என்ற முழக்கத்தால் இலட்சக்கணக்கானோரைக் கவர்ந்தவர். மூத்த தளபதிகள் பலரைப் புறந்தள்ளி ஜியாவுல் ஹக்கைத் தலைமைத் தளபதியாக நியமித்தவரும் அவரே. 1977 தேர்தலை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டபோது கராச்சி, லாகூர், ஹைதராபாத் நகரங்களில் இராணுவச் சட்டத்தை அவரே கொண்டுவந்தார். ஜூலை 5இல் ஜியா அவரைக் கைது செய்தார். 1979 ஏப்ரல் 4இல் பூட்டோ தூக்கிலிடப்பட்டார். ஜியா இஸ்லாமியச் சட்டங்களின் பெயரைக் கூறியதால் நம்மில் சிலர் அவரைப் பாராட்டி எழுதியதுண்டு. பெயர் எதுவாயினும் ஆட்சியைப் பெற்ற முறை மாறிவிடாது.

எகிப்தில் படையை அழைத்தது ஆட்சியாளரன்று. மக்கள் கூட்டமே அழைத்தது. முஹம்மது முர்சி 2012 ஜூனில் முறையான தேர்தலில் வென்றார். அவ்வாண்டு நவம்பரில் தம் ஆணைகளை நீதிமன்றங்கள் ஆராய முடியாதவாறு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பெரும்பான்மை பெற்றவர் எவரையும் கலக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தின் விளைவு அது என்றே கருதுகிறோம். 2013 ஜூன் 30 அன்று பெருந்திரள் வீதிகளில் இறங்கியது. ஜூலை 3இல் தளபதி சீசி ஆட்சியைக் கவிழ்த்தார். ஆகஸ்டு 14இல் ராபிஆ சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். இதுவரை பலரும் அறிந்ததே. அதன்பின் நடந்தது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. நவம்பரில் ஆர்ப்பாட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 2014 ஏப்ரலில் முர்சியை எதிர்த்த இளைஞர்களின் ஏப்ரல் 6 இயக்கமே தடை செய்யப்பட்டது. தஹ்ரீர் சதுக்கத்தில் நின்று படையை வரவேற்றோர் பலர் சிறைசென்றனர். முர்சி 2019 ஜூன் 17இல் நீதிமன்றத்திலேயே மயங்கி வீழ்ந்து இறந்தார்.

இது புதிய காலத்து நோயன்று. அப்பாஸிய கலீஃபா முஅதஸிம் (833-842) அரபுக் குழுக்களின் பூசலிலிருந்து தப்ப விரும்பித் துருக்கிய வீரர்களைத் திரட்டினார்; அவர்களுக்காகவே 836இல் ஸாமர்ராவில் புதிய தலைநகரை அமைத்தார். அவருடைய மகன் முத்தவக்கில் 861இல் அந்தப் படையினராலேயே கொல்லப்பட்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்குள் நான்கு கலீஃபாக்கள் வந்து போயினர். நம் சட்ட அறிஞர்கள் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. புவைஹிகளின் படை பாக்தாதை ஆட்டிவைத்த காலத்தில் வாழ்ந்த அல்-மாவர்தி (இறப்பு 1058), வலிந்து கைப்பற்றப்பட்ட ஆளுநர் பதவியை ‘இமாரத்துல் இஸ்தீலா’ என வகைப்படுத்தி, அது ஷரீஅத்தின் விதிகளைக் காக்குமெனில் கலீஃபா ஏற்கலாம் என்றார். மம்லூக் காலத்து இப்னு ஜமாஆ (இறப்பு 1333) இன்னும் ஒரு படி சென்று, படைபலத்தால் ஆட்சியைப் பிடித்தவரும் கீழ்ப்படியத்தக்கவரே என்று எழுதினார். குழப்பத்தைவிடக் கொடுங்கோன்மை மேல் என்பது அவர்களின் அச்சம். அக்காலச் சூழலில் அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் நெருக்கடிக்காகத் தந்த சலுகையைப் பிற்காலத்தார் நிரந்தரக் கோட்பாடாக எடுத்துக்கொண்டதில் பெருந்தீங்கு விளைந்தது. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) பொறுப்பேற்ற அன்றே, தாம் நெறி தவறினால் திருத்துமாறு மக்களிடம் வேண்டிக்கொண்டார்கள். அவ்வாறு திருத்துவதற்கு ஒரு நிலையான அமைப்பை உருவாக்கும் பணியில் பின்வந்தோர் ஆர்வம் காட்டவில்லை.

வேலுத்தம்பியின் முடிவுக்குத் திரும்புவோம். எட்டு லட்சம் ரூபாயைக் கட்ட இயலவில்லை, நிலுவை ஏறியது. நண்பராக இருந்த மெக்காலே கடன்காரராக மாறினார். மூன்றாண்டு பொறுத்த தளவாய், கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனுடன் கூடி 1808 டிசம்பரில் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கினார். ரெசிடெண்ட் தப்பினார். 1809 ஜனவரி 11இல் குண்டறையிலிருந்து புகழ்பெற்ற அறிக்கை வெளிவந்தது.

அவ்வறிக்கை அந்நிய ஆட்சியின் இயல்பைச் சரியாகவே கணித்தது. கம்பெனி நாட்டை விழுங்கிவிடும் என்றது. வரிகள் பெருகும் என்றது. ஆனால் மக்களைத் திரட்ட அது மிகுதியும் நம்பியது வேறோர் அச்சத்தை: கோயில்களில் சிலுவை நடப்படும், சாதி ஒழுங்கு குலையும், அந்தணப் பெண்டிர்க்கு இழுக்கு நேரும் என்பதை. இங்கே ‘மக்கள்’ என்று அழைக்கப்பட்டவர் யாவர் என்பதை நாம் கேட்டாக வேண்டும். கோயில் வாசலையே மிதிக்க இயலாதிருந்தோர் இந்நாட்டில் பெருந்தொகையினர். தோளில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பின்னர் போராட நேர்ந்த பெண்கள் இதே கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் வாழ்ந்தனர். தக்கலையிலும் கோட்டாற்றிலும் திருவிதாங்கோட்டிலும் தேங்காய்ப்பட்டினத்திலும் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்தனர். இவர்களுக்குக் கம்பெனியை எதிர்க்கக் காரணங்கள் இருந்திருக்கலாம். சாதி ஒழுங்கு குலையும் என்ற அச்சம் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்காது. மக்களின் பெயரால் பேசும் தலைவர் நெருக்கடி முற்றும்போது அச்சொல்லின் எல்லையைச் சுருக்குவதை இன்றும் பல நாடுகளில் காண்கிறோம். இதனைக் கூறுவதால் வேலுத்தம்பியின் தியாகத்தைக் குறைப்பதாக எவரும் கருத வேண்டா. திருவனந்தபுரம் தலைமைச் செயலக வளாகத்தில் அவர் சிலை நிற்பது தகும்.

கொல்லத்தில் நடந்த போர்களில் திருவிதாங்கூர்ப் படை தோற்றது. தென்முனையில் செயின்ட் லெஜர் வந்து சேர்ந்தபோது, ஆரல்வாய்மொழியைக் காக்க வேண்டிய நிலைப்படை நான்காண்டுகளுக்கு முன்பே உடன்படிக்கையின்படி மெலிவிக்கப்பட்டிருந்தது. இறந்த தளவாயின் உடலைக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டனர். 1811இல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவானாகவும் பொறுப்பேற்று 1814 வரை ஆண்டார். 1799இல் நம்பூதிரியையும் செட்டியையும் தரகனையும் விரட்டிய நாட்டில் அந்நிய அதிகாரி ஒருவரை விரட்டக் கூட்டமும் இல்லை, படையும் இல்லை.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து இதே நிலத்தில் மக்களாட்சி வந்தது. அதுவும் எளிதில் வரவில்லை. 1946 அக்டோபரில் புன்னப்புரை, வயலார் பகுதிகளில் தொழிலாளர்மீது திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் படையை ஏவினார். 1947 ஜூலை 25இல் தாக்கப்பட்ட பின் அவர் நாட்டைவிட்டு நீங்கினார். 1948இல் பட்டம் தாணு பிள்ளை முதல் மக்கள் அமைச்சரவையை அமைத்தார். அதிலிருந்து 1956 வரை டி.கே. நாராயண பிள்ளை, சி. கேசவன், ஏ.ஜே. ஜான், மீண்டும் பட்டம், பனம்பிள்ளி கோவிந்த மேனன் என்று அமைச்சரவைகள் மாறிக்கொண்டே இருந்தன. நொய்ந்த மக்களாட்சி என்றால் இதைவிட நொய்ந்த ஒன்றை இந்தியாவில் அன்று காண்பது அரிது.

அந்த நொய்மைக்குள்தான் தமிழர் பகுதிகளைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்கும் போராட்டம் நடந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1954 தேர்தலில் 12 இடங்களைப் பெற்றது. வெறும் 19 உறுப்பினர்களைக் கொண்டிருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, காங்கிரஸின் வெளி ஆதரவுடன் ஆட்சி அமைத்தது. முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. 1938 முதல் பொறுப்பாட்சிக்காகச் சிறை சென்ற மக்கள் தலைவர் அவர். தேவிகுளத்தில் தடையை மீறியதற்காக மார்ஷல் நேசமணி, ஏ. அப்துல் ரசாக், சிதம்பரநாதன் நாடார் ஆகியோர் கைது செய்யப்பட்டனர். ஆகஸ்டு 11ஐத் தமிழர் விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம் சென்ற மக்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது, பலர் மாண்டனர். மக்களின் பெயரால் சிறை சென்றவரின் அரசே மக்கள்மீது சுட்டது என்பது 1804இன் நிழலாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் இம்முறை விளைவு வேறாயிற்று. பட்டத்தின் சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான டாக்டர் ராம் மனோகர் லோகியா, அப்போது சிறையில் இருந்தபடியே, அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கோரினார். ஆயுதமற்ற மக்களைச் சுட்ட அரசு, அது சோஷலிஸ்ட் அரசேயாயினும், நீடிக்கலாகாது என்பது அவர் நிலை. கட்சித் தலைமை இசையவில்லை, பட்டமும் விலகவில்லை. அப்பிளவு ஆறவில்லை, 1955 முடிவதற்குள் லோகியா தனிக்கட்சி கண்டார். பட்டத்தின் அமைச்சரவையோ அவ்வாண்டு பிப்ரவரியிலேயே சட்டமன்றத்தில் வீழ்ந்துவிட்டது. அவரை வீழ்த்தத் திருவனந்தபுரத்தை முற்றுகையிட வேண்டியிருக்கவில்லை. உறுப்பினர்கள் கையுயர்த்தியது போதுமானதாக இருந்தது.

வேறொரு காரணமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது நேர்மையாகாது. திருவிதாங்கூருக்கென்று அப்போது தனிப்படை இல்லை. சமஸ்தானப் படைகள் இந்திய இராணுவத்தில் கரைக்கப்பட்டிருந்தன. நாயர் படை மதராஸ் ரெஜிமென்டின் 9ஆம் படையணி ஆகிவிட்டிருந்தது. ஊர்ச் சண்டையில் எவரும் கைநீட்டி எடுக்கத்தக்க ஆயுதமாகப் படை இருக்கவில்லை. மாநில அரசியல் எத்தனை முறை கவிழ்ந்தாலும் படைமுகாமின் கதவு அதற்குத் திறக்கவில்லை. 1956 மார்ச்சில் அமைச்சரவை மீண்டும் கவிழ்ந்தபோது குடியரசுத் தலைவர் ஆட்சிதான் வந்தது.

சுடப்பட்டோரின் கோரிக்கை நீதிபதி சையத் ஃபஸ்ல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் மனுக்களாகவும் வரைபடங்களாகவும் மக்கள்தொகைக் கணக்குகளாகவும் வைக்கப்பட்டது. ஆணையம் 1955 செப்டம்பர் இறுதியில் அறிக்கை அளித்தது. கோரப்பட்டவை ஒன்பது வட்டங்கள். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் வரவில்லை. அந்த ஏமாற்றம் இன்னும் முழுதும் ஆறவில்லை. நெய்யாறு அணை கேரளத்தின் பக்கம் நின்றுவிட்டதால், விளவங்கோடு வட்டத்துக்கு வரவேண்டிய இடதுகரைக் கால்வாய் நீர் 2004இல் நிறுத்தப்பட்டது. அவ்வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. கால்வாயின் கடைமடையில் உள்ள உழவர்கள் அடுத்த விசாரணை நாள் எது என்று கேட்கிறார்கள்.